மூன்று வீடு தள்ளிப் போன வலி

வேம்படிக்குறிச்சியில் இன்றைக்கும் யாராவது கோமுவுக்கு எப்போது கண் ஆபரேஷன் நடந்தது என்று கேட்டால், ஊர்க்காரர்கள் வருஷம் மாசம் சொல்ல மாட்டார்கள். "வடிவுக்குக் கண்ணு வலிச்ச வருசம்" என்பார்கள், அதில் அவர்களுக்கு ஒரு குழப்பமும் கிடையாது. கண் கோமுவினுடையது, வலி வடிவினுடையது, நடுவில் மூன்று வீடு. அந்த மூன்று வீட்டையும் தாண்டி வலி எப்படிப் போயிற்று என்று ஊர் ரொம்ப நேரம் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. தண்ணீர் பள்ளத்துக்குப் போகும், புகை மேட்டுக்குப் போகும், வலி வடிவு வீட்டுக்குப் போனது, அவ்வளவுதான். ஆனால் அதே வீட்டில், அதே பாயில், கைக்கெட்டுகிற தூரத்தில் கிடந்த தன்னிடம் அது ஏன் வரவில்லை என்று யோசித்து யோசித்து ஒரு ஆள் துரும்பாக இளைத்துப் போனான். அவன் கோமுவின் புருஷன் வண்டிமலையான், ரைஸ் மில்லில் பாய்லருக்கு உமி தள்ளுகிறவன். இது அவன் கதை.

வண்டிமலையானுக்குப் பொறாமை அன்றைக்குத்தான் வந்தது என்றில்லை. கல்யாணமான புதிதிலேயே அவனுக்கு ஒன்று விளங்கிவிட்டது. கோமு அவனுக்குச் சோறு ஆக்குவாள், சட்டை துவைப்பாள், காய்ச்சல் வந்தால் நெற்றியில் பற்றுப் போடுவாள், ஆனால் பேச்சு என்று ஒன்று இருக்கிறதே, அதை மட்டும் ஒரு பருக்கை சிந்தாமல் மூட்டை கட்டிக்கொண்டு போய் வடிவிடம்தான் அவிழ்ப்பாள். செண்பகவடிவு அதே மில்லில் அவளோடு நெல் அவித்துக் காயப்போடுகிறவள். புருஷன் புனலூர்ப் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் கிடந்தான், அம்மன் கோயில் கொடைக்குக் கொடை வருவான். இரண்டு பெண்களும் காலால் நெல்லைக் கிளறிக்கொண்டே களத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பேசிக்கொண்டு போவார்கள், திரும்புகையில் விட்ட இடத்திலிருந்து பேசிக்கொண்டு வருவார்கள், மத்தியானம் தூக்குவாளியை மாற்றி வைத்துத் தின்பார்கள். கோமு ஆக்கியதை வடிவு தின்கிறாள், வடிவு ஆக்கியதைக் கோமு தின்கிறாள், அப்படியானால் நான் தின்பது யாருக்காக ஆக்கியதன் மிச்சம் என்று பாய்லர் வாசலில் நின்று அவன் பொருமுவான்.

இதில் இன்னொன்றும் இருந்தது. களத்தில் யார் கண்ணில் உமி விழுந்தாலும் வடிவிடம்தான் போவார்கள். இமையை இரண்டு விரலால் விரித்து, நாக்கு நுனியால் ஒரு சுழற்றுச் சுழற்றி, உமியைத் துப்பிவிட்டு, "போ, ஒண்ணுமில்ல" என்பாள். அந்த ஊரில் அது ஒரு கைவைத்தியம், யாரும் அருவருக்க மாட்டார்கள். கோமுவின் கண்ணுக்கு வடிவு குனிகிறபோது மட்டும் வண்டிமலையான் முகத்தைப் பாய்லர் பக்கம் திருப்பிக்கொள்வான். தன் கண்ணில் உமி விழுந்தால் காட்ட மாட்டான். கண் கோவைப்பழமாகச் சிவந்தாலும் தேய்த்துக்கொண்டு வீம்பாக நிற்பான்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் வடிவு மகள் சமைந்தபோது அந்த வீம்பு ஒரு காரியம் செய்தது. வடிவுக்குக் கூடப்பிறந்த ஆண்பிள்ளை கிடையாது. அதனால் தாய்மாமன் சீரை வண்டிமலையான் வீட்டிலிருந்துதான் கொண்டுவர வேண்டும், முதல் தட்டைக் கோமுதான் எடுக்க வேண்டும் என்று வடிவு வந்து வெற்றிலை பாக்கு வைத்து அழைத்துவிட்டுப் போனாள். பிள்ளை இல்லாத கோமு, அந்தப் பிள்ளைக்குப் பாவாடையும் வளையலும் வாங்கி வைத்துக்கொண்டு பத்து நாள் தூங்காமல் சந்தோஷப்பட்டாள். அந்தப் பத்து நாளும் அவள் வாயில் வடிவு, வடிவு மகள், வடிவு வீட்டுப் பந்தல். பதினோராம் நாள் காலையில் வண்டிமலையான் தெருவிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், பிள்ளை பெறாதவ முதல் தட்டு எடுக்கலாமான்னு வடிவு யோசிக்காளாம், நாலு பேர் முன்ன சொன்னாளாம் என்றான். வடிவு அப்படி யாரிடமும் சொல்லவில்லை. அவனாக இட்டுக்கட்டியது.

கோமு பாவாடையைப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். போகவில்லை. வடிவோ, பந்தல் வாசலில் நின்றுகொண்டு, வர வேண்டியவள் வரவில்லையே என்று பார்த்துப் பார்த்துச் சடங்கைப் பிந்த வைத்து, கடைசியில் எவளோ ஒரு சித்திமுறைக்காரி கையால் தட்டை வாங்கினாள். இவள் போய்க் கேட்டிருந்தால் தீர்ந்தது, அவள் வந்து கேட்டிருந்தால் தீர்ந்தது. இரண்டு பேரும் கேட்கவில்லை. அதற்கப்புறம் களத்தில் ஆளுக்கொரு கோடியில் நெல் கிளறினார்கள், தூக்குவாளி மாறவில்லை. வண்டிமலையானுக்கு ஒரு வாரம் நெஞ்சு குளிர்ந்திருந்தது. பிறகுதான் பார்த்தான், கோமு இப்போது பேசுவதையே நிறுத்திவிட்டாள். மூட்டையை அவனிடமும் அவிழ்க்கவில்லை.

இந்த நிலையில்தான் ஒரு மாசி மாதத்துக் காற்றில் கோமுவின் இடது கண்ணில் உமி விழுந்தது. பழைய நாளாக இருந்தால் நாலு எட்டில் வடிவு. இப்போது அவள் முந்தானையால் கண்ணைப் பொத்திக்கொண்டு, வடிவைக் கடந்து, நேரே வீட்டுக்கு நடந்தாள். வண்டிமலையானுக்கு உள்ளுக்குள் ஒரு பூரிப்பு. கடைசியில் என்னிடம் வந்தாள் பார். நந்தியாவட்டைப் பூவைக் கசக்கி, பக்கத்துத் தெருவில் பிள்ளை பெற்றவளிடம் கெஞ்சித் தாய்ப்பால் வாங்கிக் கலந்து, வேளைக்கு மூன்று சொட்டாக எட்டு நாள் தன் கையாலேயே விட்டான். ஆஸ்பத்திரிக்குப் போகலாமே என்று சொன்னவர்களிடம், நான் இருக்கேன்லா என்றான். எட்டாம் நாள் கோமுவின் கருவிழி வெந்த மீனின் கண்ணாக வெளுத்துவிட்டது.

திருநெல்வேலியில் கண்ணாஸ்பத்திரி டாக்டரம்மா அவனை நிற்கவைத்து ஏசினார். கண்ணில் புண், புண்ணில் பூஞ்சை. பாலும் கூடாது, பூவும் கூடாது, நாக்கும் கூடாது, நல்ல தண்ணீரில் கழுவிவிட்டு அன்றைக்கே வந்திருந்தால் மருந்தோடு போயிருக்கும். ஒரு மாசம் மருந்து விட்டும் புண் அடங்காததால், யாரோ ஒரு புண்ணியவான் செத்தபோது கொடுத்துவிட்டுப் போன கருவிழியை எடுத்து, தலைமயிரைவிட மெல்லிசான நூலில் பதினாறு தையல் போட்டு வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா விரல்விட்டுச் சொன்னார்: குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, தலைக்கு ஊற்றக் கூடாது, கண்ணைக் கசக்கவே கூடாது, மணிக்கு ஒருதரம் சொட்டு மருந்து. கண் சிவந்தாலோ, வெளிச்சம் கூசினாலோ, பார்வை மங்கினாலோ, வலி கூடினாலோ அன்றைக்கே ஓடிவர வேண்டும். முக்கியமாக வலியைக் கவனியுங்கள் என்றார்.

முதல் மூன்று நாள் கோமு பட்ட பாட்டை அந்தத் தெரு அறியும். உமி மூட்டையைக் கண்ணுக்குள் கொட்டித் தைத்தது மாதிரி இருக்கிறது என்றாள். கதவிடுக்கில் நுழைகிற வெயில் ஊசியாக வந்து இறங்கியது, மூடிக்கிடந்தாலும் தண்ணீர் ஒழுகியது, படுத்தாலும் வலி உட்கார்ந்தாலும் வலி. வண்டிமலையான் ஜன்னலுக்குச் சாக்கு கட்டினான், கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துக் கை கழுவி மருந்து விட்டான், தலையணைமேல் தலையணை வைத்து அவளைச் சாய்த்து உட்காரவைத்தான், சாமி, இந்த வலியை எனக்குக் கொடுத்துரு என்று சத்தமாகவே வேண்டினான். நாலாம் நாள் காலை பதினொரு மணிக்குச் சாமி கேட்டது. ஆனால் விலாசம் தப்பிப்போய்விட்டது.

கோமு எழுந்து உட்கார்ந்து, பசிக்கிறது, கஞ்சி வேண்டும் என்றாள். வலி இல்லையா என்றதற்கு, இல்லை, எங்கேயோ போய்விட்டது என்றாள். அதே பதினொரு மணிக்குக் களத்தில் நெல் தள்ளிக்கொண்டிருந்த வடிவு, பலகையைப் போட்டுவிட்டு இடது கண்ணைப் பொத்திக்கொண்டு குத்தவைத்துவிட்டாள். உமியாக இருக்கும் என்று இமையை விரித்துப் பார்த்தார்கள். கண் பளிங்காக இருந்தது. வீட்டில் கொண்டுபோய்ப் படுக்கவைத்த பிறகுதான் பெண்கள் கவனித்தார்கள், கோமு வீட்டில் சாக்கை விலக்கினால் வடிவு அலறுகிறாள், கோமுவுக்குச் சொட்டு விட்டால் வடிவு பெருமூச்சு விடுகிறாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு செல்போனை வைத்து நாலுதரம் சரிபார்த்தார்கள். நாலுதரமும் பொருந்தியது. சரி, வலி மாறிவிட்டது என்று சொல்லிவிட்டு அவரவர் உலை வைக்கப் போனார்கள்.

ஊர் அதற்கேற்றபடி தன் காரியங்களை மாற்றிக்கொண்டது. மில் முதலாளி கோமுவுக்கென்று எழுதிய லீவை அடித்து வடிவு பேருக்கு எழுதினார், வலிக்கிறவளுக்குத்தானே லீவு. மருந்துக்கடைக்காரர் சொட்டு மருந்தைக் கோமு வீட்டுக்கும் வலி மாத்திரையை வடிவு வீட்டுக்கும் கொடுத்தனுப்பினார், இரண்டும் வேலை செய்தன. வெயில் கூசாமல் இருக்கக் கோமுவுக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த மாதிரியே ஒரு கறுப்புக் கண்ணாடியை வடிவுக்கும் வாங்கிக் கொடுத்தார்கள். ஒரே தெருவில் மூன்று வீடு இடைவிட்டு இரண்டு கறுப்புக் கண்ணாடிகள் ஒன்றையொன்று பாராமல் உட்கார்ந்திருந்தன. பங்குனிக் கொடைக்கு ரேடியோக்காரன் குழாயை வேப்பமரத்தில் கட்டியபோது, பெரியவர்கள் அதை வடிவு வீட்டுக்கு எதிர்ப்பக்கமாகத் திருப்பச் சொன்னார்கள்.

இதெல்லாம் வண்டிமலையானுக்குப் பெரிதில்லை. சாமியாடி சொன்ன வார்த்தைதான் அவனைத் தின்றது. கொடை அன்றைக்கு, இது என்ன சங்கதி என்று யாரோ கேட்டதற்கு, மஞ்சள் தண்ணீரை வழித்துவிட்டு அவர் சாதாரணமாகச் சொன்னார்: "வலிக்குக் கண்ணு கிடையாது, வாசம்தான் தெரியும். வலிக்கிற ஆளு மேல உசுரா இருக்கவுக யாருன்னு மோந்துக்கிட்டே போவும்." அவ்வளவுதான். மறுநாளே ஊரில் பாதிப் பேர் தங்கள் வீட்டைச் சோதிக்கத் தொடங்கினார்கள். கொத்தனார் புலமாடன் சுத்தியலால் தன் பெருவிரலில் போட்டுக்கொண்டு பெண்டாட்டி முகத்தைப் பார்த்தான். அவள் பாட்டுக்கு அரிசி களைந்துகொண்டிருந்தாள், அவனுக்கு நகம் போனதுதான் மிச்சம். பல்வலிக்காரர்கள் வந்து மருமக்களை முறைத்தார்கள். நாலு வீட்டில் சண்டை, இரண்டு வீட்டில் அடுப்பு எரியவில்லை. வேறெந்த வலியும் எங்கேயும் நகரவில்லை. கோமுவின் வலி மட்டும் வடிவிடம் சொந்த வீடாட்டம் இருந்தது.

டீக்கடையில் இவன் போய் உட்கார்ந்தால் பேச்சு நின்றது. எல்லோரும் பாவப்பட்டார்கள், அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. மணிக்கு ஒருதரம் கை கழுவுகிறவன் நான், மருந்து விடுகிறவன் நான், கஞ்சி ஊட்டுகிறவன் நான், தூக்கம் கெட்டவன் நான். ஆறு வருஷமாக முகம் பாராதவளுக்கு வலி என்றால் எந்த ஊர் நியாயம்? பாய்லர் வாயைத் திறந்து தீயையே பார்த்துக்கொண்டு நிற்பான், கண் எரிந்தால் அது அந்த எரிச்சல்தானோ என்று ஒரு கணம் மகிழ்வான், மூடியதும் நின்றுவிடும். கோமு உறங்கும்போது தன் இடது கண்ணை அவளுடைய மூடிபோட்ட கண்ணுக்கு நேராக வைத்துக்கொண்டு மூச்சுப் பிடித்துக் கிடப்பான். தெருவில் போகும்போது வடிவு வீட்டிலிருந்து முனகல் கேட்டால், அவன் பெட்டியைத் திறந்து எவளோ நகையை எடுத்துப் போட்டுக்கொண்டது மாதிரி அவனுக்குப் பற்றியெரியும்.

ஒருநாள் துணிந்துவிட்டான். கண்ணைப் பொத்திக்கொண்டு டீக்கடைக்குப் போய்ப் பெஞ்சில் சரிந்து, வந்துட்டு, எனக்கும் வந்துட்டு என்று முனகினான். கடைக்காரர் வடிவு வீட்டுக்கு ஆள் அனுப்பினார். போனவன் வந்து, வடிவுக்கும் இப்போது வலிக்கத்தான் செய்கிறது என்றான். ஒரு வலி ஒரே நேரத்தில் இரண்டு வீட்டில் எப்படி இருக்கும் என்று ஒரு கிழவர் நிதானமாகக் கேட்டார். வண்டிமலையான் கண்ணிலிருந்து கையை எடுத்துவிட்டு, டீயைக் குடிக்காமலே எழுந்து போனான். சங்கதி அவனுக்கு முன்னால் வீட்டுக்குப் போயிருந்தது. கோமு ஒன்றும் கேட்கவில்லை. சிரித்திருந்தாலாவது தேவலை.

ஆறாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை, வடிவு கறுப்புக் கண்ணாடியோடு பாய்லர் வாசலுக்கு வந்து நின்றாள். ஆறு வருஷத்துக்குப் பிறகு அவனிடம் அவள் பேசிய முதல் பேச்சு அது.

"அண்ணே, வலி மாறிட்டு. இத்தன நாளா புகைஞ்சுக்கிட்டு இருந்துச்சு, நாளுக்கு நாள் கொறஞ்சுக்கிட்டும் வந்துச்சு. நேத்துலருந்து ஒரு முள்ளு நின்னு குத்துது. கடியாரத்துல மூணு மணி இருக்குமே, அந்த எடத்துல. அவளை டாக்டரம்மாட்ட காட்டுங்க."

"எம் பொண்டாட்டி கண்ணைப் பத்தி நீ எனக்குச் சொல்ல வேண்டாம். வலிச்சா அவ சொல்லுவா."

"அவளுக்கு எங்க வலிக்கி? எனக்குல்லா வலிக்கி."

அவள் பெருமையடிக்கச் சொல்லவில்லை. அவனுக்கு அது பெருமையாகத்தான் கேட்டது. மண்வெட்டி நிறைய உமியை அள்ளித் தீயில் எறிந்துவிட்டு அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டான். வீட்டுக்குப் போய் மருந்து விடும்போது கோமுவின் கண்ணை விரித்துப் பார்த்தான். வெள்ளைவிழியின் ஓரத்தில் சிவப்பாக ஒரு நூல் ஓடியிருந்தது. தூக்கக் குறைவாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். வலிக்கிறதா என்று கேட்டான், இல்லை என்றாள். உண்மையும் அதுதான். புதன்கிழமையும் அப்படியே போனது. அந்த இரண்டு நாளும் அவன் நெஞ்சுக்குள் இரண்டு பேர் அடித்துக்கொண்டார்கள். கண் போய்விடும், போ என்றான் ஒருவன். போனால் வடிவையும் கூட்டிப்போக வேண்டும், அவள் வாயால்தான் வலியைச் சொல்ல முடியும். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் பேச்சு வரும், பேச்சு வந்தால் அந்தச் சடங்கு நாள் வரும், அது வந்தால் நீ தொலைந்தாய் என்றான் மற்றவன். இரண்டு பேருக்கும் வண்டிமலையான் என்றுதான் பேர்.

வியாழக்கிழமை காலை வடிவு வாசலில் பெண்கள் கூடியிருந்தார்கள். அவள் கண்ணைத் திறக்க முடியாமல் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டிருந்தாள். மூன்று வீடு தள்ளிக் கோமு திடமாக உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். வெளிச்சம் என்னவோ கொஞ்சம் புகைமூட்டமாகத் தெரியுது என்று அவள் சாதாரணமாகச் சொன்னதும் வண்டிமலையான் செருப்பைக்கூடப் போடாமல் தெருவில் இறங்கினான். ஓடிப்போய் ஆட்டோவைக் கூட்டிவந்தான். முதலில் வடிவை ஏற்றினான். பிறகு கோமுவைக் கைபிடித்து அழைத்துவந்தான். ஆட்டோவுக்குள் இருப்பது யார் என்று பார்த்ததும் கோமு நின்றுவிட்டாள்.

"நான் ஏற மாட்டேன். பிள்ளை பெறாதவ கூட ஒரே வண்டியில வரலாமான்னு அவட்ட முதல்ல கேளுங்க."

வடிவு கண்ணைப் பொத்தியபடியே தலையைத் தூக்கினாள். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. ஆட்டோ உறுமிக்கொண்டு நின்றது. இன்னும் ஒரு பொய் சொல்லவும் இடமிருந்தது. யாரோ சொல்லக் கேட்டேன், எவளோ கோள் மூட்டிவிட்டாள் என்றால் ஊர் நம்பும். வண்டிமலையான் கோமுவின் கறுப்புக் கண்ணாடியைப் பார்த்தான். அதற்குப் பின்னால் எந்தச் செத்த மனுஷனோ கொடுத்த கருவிழி, கேட்பாரில்லாமல் கெட்டுக்கொண்டிருந்தது.

"அவ அப்படிச் சொல்லல, கோமு. நாந்தான் சொன்னேன். நானா சொன்னேன். எனக்குப் பொறுக்கல."

கோமு அவனைத் திட்டவில்லை. அவனைப் பார்க்கக்கூட இல்லை. ஆட்டோவுக்குள் குனிந்து வடிவிடம்தான் கேட்டாள்.

"அன்னைக்கு எம்புட்டு நேரம் நின்ன?"

"உச்சிவெயில் வரைக்கும்," என்றாள் வடிவு.

கோமு ஏறி உட்கார்ந்தாள். முந்தானையை இழுத்து வடிவின் கண்மேல் வெயில் படாமல் பிடித்துக்கொண்டாள். வண்டிமலையானுக்கு டிரைவர் பக்கத்தில் அரை சீட்டு கிடைத்தது. திருநெல்வேலி போய்ச் சேருகிறவரைக்கும் பின்னாலிருந்து இரண்டு குரலும் ஓயவில்லை, ஆறு வருஷத்துப் பேச்சு; அவன் ஒருதரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

டாக்டரம்மா வலிக்கிறதா என்று கேட்க, இல்லை என்றாள் கோமு. பின்னாலிருந்து வடிவு, எனக்கு வலிக்கி, மூணு மணி இருக்க எடத்துல என்றாள். டாக்டரம்மா இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, சரி, வலிக்கிறவங்க இந்த ஸ்டூல்ல உட்காருங்க, கண் இருக்கிறவங்க மெஷின்ல தாடையை வைங்க என்றார். மூன்று மணி இருக்கிற இடத்தில் தையல் ஒன்று தளர்ந்து, நுனி நிமிர்ந்து நின்று, அதைச் சுற்றி வெள்ளையாகக் கட்டத் தொடங்கியிருந்தது. இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் வைத்ததெல்லாம் போயிருக்கும் என்றார். கோமுவின் கண்ணில் மரத்துப்போகிற மருந்தை விட்டு அவர் நூலை எடுத்தபோது, ஸ்டூலில் இருந்த வடிவின் தோள் மெல்ல இறங்கியது. மருந்துச் சீட்டில் டாக்டரம்மா எழுதினார்: வலி உண்டு, துணைக்கு வந்தவருக்கு.

கண் பிழைத்தது. வாரத்துக்கு வாரம் வலி மெலிந்து, வைகாசியில் ஒருநாள் வடிவு கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். கோமு அவனிடம் பேசவில்லை. மருந்து நேரத்துக்கு முகத்தை நிமிர்த்திக் காட்டுவாள், அவன் விடுவான், மூடிக்கொள்வாள். பொறாமை மட்டும் போகவில்லை; அது போகிற ஜாதி இல்லை. வேலைக்குக் கூடாது, நிழலில் உட்காரலாம் என்று டாக்டரம்மா சொன்ன பிறகு கோமு மத்தியானங்களில் களத்துப் புங்கமரத்தடிக்கு வந்தாள், வடிவு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள், தூக்குவாளிகள் மாறின. பாய்லர் வாசலில் நின்று அவன் அதைப் பார்த்தான். அது எரிந்தது. எரியட்டும் என்று விட்டான்.

ஆனி பிறந்து காற்று சுழன்றடித்த ஒரு மத்தியானம், அவன் இடது கண்ணில் சுரீரென்று ஒரு குத்து. மண்வெட்டி கையிலிருந்து விழுந்தது. கண் திறக்கவில்லை, தண்ணீர் கொட்டியது, வெளிச்சம் ஊசியாக இறங்கியது. கோமு சொன்னாளே, உமி மூட்டையைக் கொட்டித் தைத்தது மாதிரி என்று. அதே வலி, அதே இடது கண். மூன்று மாதம் காத்துக் கிடந்த மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு, நெல்லை மிதித்துக்கொண்டு, களத்தின் குறுக்கே ஓடினான்.

"வந்துட்டு கோமு. எனக்கு வந்துட்டு."

வடிவு வாயில் வைத்த கவளத்தை மென்று விழுங்கிவிட்டு, "அண்ணே, அவளுக்குத்தான் வலியே இல்லையே, பெறவு என்னத்த வரும்?" என்றாள். நெல் கிளறிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். கோமு சிரிக்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி நெற்றிமேல் ஏற்றிவிட்டு, இரண்டு விரலால் அவன் இமையை விரித்தாள். பதினைந்து தையல் போட்ட அந்தக் கண் அவன் கண்ணுக்குப் பக்கத்தில் வந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு அவ்வளவு பக்கத்தில் அவள் எதையும் பார்த்ததில்லை.

"உமி," என்றாள், வடிவிடம். "மேல் இமையில ஒட்டியிருக்கு."

அவ்வளவுதானா என்றிருந்தது அவனுக்கு. உலகத்தில் யாருக்கும் விழுகிற உமி, அவனுடைய சொந்த வலி. வெட்கத்தில் முகத்தை இழுத்துக்கொள்ளப் போனான். அப்போது குத்து நின்றது. கண் குளிர்ந்தது, வெயிலைத் தாராளமாகப் பார்க்க முடிந்தது. எடுத்துவிட்டாளா என்று இமையைக் கொட்டினான். உமி அங்கேயேதான் இருந்தது, நகர்ந்தது, உராய்ந்தது, ஆனால் வலி மட்டும் இல்லை. கோமுவின் விரல் அவன் இமையை விட்டு விலகியது. அவள் முகம் சுருங்கியது. முந்தானையை எடுத்துத் தன் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, மரத்தில் சாய்ந்து, மெதுவாகக் குத்தவைத்தாள்.

களத்தில் சிரிப்பு நின்றது. வடிவுக்குத்தான் முதலில் விளங்கியது.

"நிக்காதீங்கண்ணே, குழாய்ல போயிக் கண்ணக் கழுவுங்க. புதுக் கண்ணு, அது தாங்காது."

வடிவு சொன்ன ஒரு வார்த்தையை அவன் வாழ்நாளில் முதல்தரமாக மறுபேச்சில்லாமல் கேட்டான். ஓடிப்போய்க் குழாயைத் திறந்து, தலையை நீட்டி, கண்ணை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு தண்ணீரை வாங்கினான். அவனுக்கு ஒன்றும் நோகவில்லை. உமி போனதா இல்லையா என்று அவன் கண்ணுக்குத் தெரியவில்லை, அதனால் நிறுத்தாமல் கழுவிக்கொண்டே இருந்தான்; சட்டை நனைந்தது, வேட்டி நனைந்தது, காதுக்குள் தண்ணீர் போனது. முதுகுக்குப் பின்னால், இரண்டு மாதமாக அவனிடம் பேசாத குரல் கேட்டது.

"போதும். வலி நின்னுட்டு."

அவன் குழாயை மூடவில்லை. முகத்தை வெளியே எடுக்க இன்னும் கொஞ்ச நேரம் ஆனது.